ஓல்ட் பெய்லி வழக்கேட்டில் விலைபோன சாட்சியை அடையாளம் காண்பது எப்படி?

லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் விசாரணைக் குறிப்புகள் 1674 முதல் 1913 வரை அச்சில் வெளிவந்தன. இன்று அவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அவற்றில் பதினெட்டாம் நூற்றாண்டு வழக்குகளைப் புரட்டுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அக்காலத்தில் அரசு வழக்கறிஞரும் இல்லை, இன்றைய பொருளில் காவல் துறையும் இல்லை என்பதே. பொருளைப் பறிகொடுத்தவரே வழக்குத் தொடுத்து, சாட்சிகளைத் திரட்டி, பெரும்பாலும் செலவையும் தாமே ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே குற்றம் நடந்ததா என்று பார்ப்பதற்கு முன், கூண்டில் நிற்பவருக்குத் தண்டனை கிடைத்தால் யார் கைக்கு என்ன வரும் என்று பாருங்கள்.

அதற்குக் குற்றத்தின் வகையைக் கவனிப்பதே எளிய வழி. 1692ஆம் ஆண்டுச் சட்டம், வழிப்பறிக்காரரைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தருவோருக்கு 40 பவுண்டு அளித்தது. 1720 முதல் பல ஆண்டுகள், லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த வழிப்பறிகளுக்கு அரச அறிவிப்பின்படி மேலும் 100 பவுண்டு சேர்ந்தது. ஒரு கூலித் தொழிலாளி ஆண்டு முழுதும் உழைத்தாலும் 40 பவுண்டைக் கண்ணால் பார்ப்பது அரிது. விடுதலையானால் இந்தப் பரிசில் ஒரு காசும் கிடையாது என்பதுதான் இதில் விஷமான பகுதி. எனவே சாதாரணத் திருட்டாகத் தோன்றும் ஒன்று வழிப்பறியாகப் பதிவாகியிருந்தால், அங்கே சற்று நின்று படியுங்கள்.

அடுத்து, வழக்குத் தொடுத்தவர், பிடித்தவர், சாட்சி சொன்னவர் ஆகிய பெயர்களை மற்ற வழக்குகளிலும் தேடுங்கள். பரிசுப் பணத்துக்காக வழிப்பறிகளை ஜோடித்த ஸ்டீபன் மெக்டேனியலின் கும்பல் 1754இல் அம்பலமானது இந்த வேலைப் பங்கீட்டைப் புரியவைக்கும். தாமஸ் பிளீ என்பவன் பீட்டர் கெல்லி, ஜான் எல்லிஸ் என்ற இரு இளைஞர்களை ஆசை காட்டி டெப்ட்ஃபோர்டுக்கு அழைத்துச் சென்றான். தோல் கால்சட்டை தைப்பவனான ஜேம்ஸ் சால்மன், கொள்ளை போனவனாக நடித்தான். திருட்டுப் பொருளை வாங்குபவனாக ஜேம்ஸ் ஈகன் வந்தான். பிடிப்பது மெக்டேனியலின் வேலை. பின்னணியில் ஜான் பெர்ரி. பிளீ மட்டும் தப்ப விடப்பட்டான். கெல்லி, எல்லிஸ் இருவரும் மெய்ட்ஸ்டோன் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர். சதியை மோப்பம் பிடித்த பிளாக்ஹீத் தலைமைக் கான்ஸ்டபிள் ஜோசப் காக்ஸ் அந்தத் தீர்ப்பு வரும் வரை பொறுத்திருந்து கும்பலை வளைத்தார். பழைய கணக்குகளும் அப்போது வெளிவந்தன: அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்ட ஜோஷுவா கிட்டனும் இவர்களின் பொய்ச்சாட்சிக்குப் பலியானவரே. 1756இல் தண்டனைக் கட்டையில் பூட்டி நிறுத்தப்பட்ட ஈகனைக் கூட்டம் கல்லால் அடித்தே கொன்றது. மெக்டேனியல், பெர்ரி, இவர்களின் கூட்டாளி மேரி ஜோன்ஸ் மூவரும் கிட்டனைக் கொலை செய்ததாகவே தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் பொய்ச்சாட்சியால் ஒருவரைத் தூக்குக்கு அனுப்புவது சட்டப்படி கொலையாகுமா என்ற ஐயத்தில் தூக்கு நிறைவேறவில்லை.

மூன்றாவதாக, குறுக்கு விசாரணையைப் பொறுமையாகப் படியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல 1898 வரை வழியில்லை. 1730களிலிருந்து அவருடைய வழக்கறிஞர் எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். ஆனால் கடுங்குற்ற வழக்குகளில் ஜூரியிடம் வாதாடும் உரிமை 1836இல்தான் வந்தது. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் கேள்விக்குள்ளேயே திணித்தார்கள். அச்சில் பல இடங்களில் பதில் மட்டுமே இருக்கும். “பரிசுத் தொகையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை” என்பது போன்ற பதிலைக் கண்டால், என்ன கேட்டிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். உடன் திருடிவிட்டு அப்ரூவராக மாறியவன் தன் கழுத்தைக் காக்கப் பேசுகிறான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பரிசு இருந்தது என்பதாலேயே சாட்சி பொய்யாகிவிடாது. காசு வாங்காமலும் பொய் சொல்வார்கள். எலிசபெத் கேனிங் என்ற வேலைக்காரப் பெண்ணின் சொல்லை நம்பி 1753இல் தூக்குத் தண்டனை பெற்ற மேரி ஸ்கொயர்ஸ் பின்னர் மன்னிக்கப்பட்டார். கேனிங் பொய்ச்சாட்சிக்காக நாடு கடத்தப்பட்டாள். அங்கே 40 பவுண்டுக் கணக்கு எதையும் விளக்காது.

விடுதலையான வழக்குகளில் குறிப்பு பெரும்பாலும் சில வரிகளோடு முடிந்துவிடும். அந்த வரிகளின் முடிவில், குற்றப்பத்திரிகையின் நகல் வழங்க நீதிமன்றம் அனுமதித்தது என்று இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீய நோக்கோடு வழக்குத் தொடுத்தவர்மீது நஷ்ட ஈடு கேட்க அந்த நகல் தேவைப்பட்டது. கடுங்குற்ற வழக்குகளில் நீதிபதிகள் அதை எளிதில் தந்துவிடமாட்டார்கள். தந்திருந்தால், வழக்கின்மீது அவர்களுக்கே சந்தேகம் இருந்தது என்று கொள்ளலாம்.

கடைசியாக, நீதிமன்ற ஏட்டுக்கு வெளியே பணம் விட்டுச் சென்ற தடத்தைத் தேடுங்கள். 1742இல் ஸ்டெயின்ஸ் அருகே துப்பாக்கி வெடித்து ஒருவர் இறந்ததற்காக ஜேம்ஸ் ஆன்ஸ்லி கொலை வழக்கில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். அவர் கைக்குச் சொத்து போய்விடுமோ என்று அஞ்சிய சித்தப்பா ஆங்கிள்சி பிரபுதான் பின்னிருந்து அந்த வழக்கை நடத்தினார். இது வெளிவந்தது பிரபுவின் வழக்கறிஞரான ஜிஃபர்டின் வாயிலாக: தமக்கு வர வேண்டிய கட்டணப் பாக்கிக்காக அவர் பிரபுவின்மீதே வழக்குப் போட்டிருந்தார். அண்ணன் மகனைத் தூக்கிலேற்ற 10,000 பவுண்டு செலவானாலும் கவலையில்லை என்று பிரபு தம்மிடம் சொன்னதாக, 1743இல் டப்ளினில் நடந்த சொத்து வழக்கில் ஜிஃபர்ட் சாட்சியம் அளித்தார். கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்ன ரகசியம் இது என்ற எதிர்ப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை.