டெல்லியில இருக்கிற எக்ஸ் சர்வீஸ்மேன் அண்ணன்களுக்கு: கழுத்து வலிக்கு டிஸெபிலிட்டி பென்ஷன்

செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்னு (கழுத்தெலும்பு தேய்மானம்) ரிலீஸ் மெடிக்கல் போர்டுல, அதாவது சர்வீஸ விட்டு வரும்போது நடக்குற மெடிக்கல்ல எழுதியிருந்தா முதல்ல அந்த ஃபார்ம்ல ரெண்டு இடத்த மட்டும் பாருங்க, டிஸெபிலிட்டி பர்சன்டேஜ் 20க்கு கீழ போட்டிருக்காங்களா, சர்வீஸால வந்ததில்ல, சர்வீஸால அதிகமாகவும் இல்லன்னு போட்டிருக்காங்களா. கழுத்து கேஸுல பெரும்பாலும் ரெண்டாவதுலதான் மாட்டும், காரணம்னு "வயசு காரணம்"னு ஒத்த வரி (இருபது வருஷம் ஹெல்மெட்டும் மூட்டையும் சுமந்தது யாரு கணக்குல போறதோ!).

அதுக்கு பதில் சுப்ரீம் கோர்ட்டோட 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது மெடிக்கல்ல எந்த நோயும் எழுதலன்னா சர்வீஸ்லதான் வந்ததுன்னு எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அரசு. ஆனா தீர்ப்பு மட்டும் போதாது, ஃபீல்டு போஸ்டிங், வண்டி ஓட்டின டூட்டி, எப்போ முதல்ல வலின்னு எம்.ஐ.ரூமுக்கு (யூனிட் டாக்டர் பாக்குற இடம்) போனீங்க, எம்.ஆர்.ஐ., மெடிக்கல் கேட்டகரி இறக்கின பேப்பர், எல்லாத்தையும் தேதி வரிசைல வைங்க. டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ் மறக்காதீங்க, மெடிக்கல் பேப்பர் கையில இல்லன்னா ரெக்கார்டு ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போடுங்க.

கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா முதல் அப்பீல், அப்புறம் ரெண்டாவது அப்பீல், அதுவும் போச்சுன்னா ஆர்.கே.புரத்துல இருக்கிற ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல் (ராணுவத்துக்காரங்க கேஸ் பாக்குற தீர்ப்பாயம்), ஃபைனல் ஆர்டர் வந்து 6 மாசத்துக்குள்ள. வாயால கேட்ட பதில நம்பி உக்காராதீங்க, எழுத்துல வாங்குங்க. 2023 செப்டம்பர் 21லேர்ந்து டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு புது ரூல், அதுக்கப்புறம் ரிடையர் ஆனவங்க பழைய கேஸ அப்படியே காப்பி அடிக்காம வக்கீல்கிட்ட காட்டிட்டு போடுங்க.