ஆகாயத்தாமரையை அள்ளி எரிவாயு எடுப்போம்: ஊர் கூடி ஒரு நாள் நிகழ்ச்சி நடத்துவது எப்படி?

ஆக்கிரமிப்புச் செடிகளைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் அதே கதைதான். இரண்டையும் சேர்த்து, கண்முன்னே நடக்கும் ஒரு வேலையாகக் காட்டினால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வருவார்கள். ஒரு குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை என்ற ஆக்கிரமிப்புச் செடியை அள்ளி, அதிலிருந்து வந்த வாயுவை அங்கேயே எரித்துக் காட்டுவது அப்படி ஒரு வேலை. முதல்முறை நடத்துபவர்களுக்கான வழிமுறை இது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நிகழ்ச்சியின் நோக்கம் செடியை ஒழிப்பது. எரிவாயு, அள்ளிய செடியை என்ன செய்வது என்ற கேள்விக்கான பதில், அவ்வளவுதான். இந்த வரிசை மாறிப்போனால் என்ன ஆகும் என்பதைப் படி 5-இல் சொல்கிறேன்.

படி 1: செடியையும் நாளையும் உறுதி செய்யுங்கள்

ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு உப்பி, உள்ளே பஞ்சு போல இருக்கும். அதனால்தான் வெங்காயத்தாமரை என்றும் சொல்கிறார்கள். பூ இளம் ஊதா நிறம். மேல் இதழில் மட்டும் மஞ்சள் புள்ளி. வேர் கறுத்து, இறகு போலத் தொங்கும். தாமரை, அல்லி போன்றவற்றின் வேர் சேற்றில் இருக்கும், இதுவோ மிதக்கும். கூட்டத்தோடு கூட்டமாக அவற்றையும் பிடுங்கிவிடாதபடி, முந்தின வாரமே இரண்டு பேர் கரையைச் சுற்றி வந்து, காப்பாற்ற வேண்டிய இடங்களில் கொடி நட்டுவிடுங்கள். இலைக்கோழி போன்ற பறவைகள் மிதக்கும் செடிகளின் மேலேயே முட்டையிடும். கூடு தெரிந்தால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, குஞ்சுகள் போனபிறகு வாருங்கள்.

நிகழ்ச்சியைப் பூக்கும் பருவத்துக்கு முன்னால் வையுங்கள். பூத்து முடிந்ததும் அந்தத் தண்டு வளைந்து நீருக்குள் போய் விதையைக் கொட்டும். அடிச்சேற்றில் கிடக்கும் விதை 15 முதல் 20 ஆண்டுகள்வரைகூட உயிரோடு இருக்கும். வெள்ளம் ஓடும் நாட்களும் வேண்டாம். ஒடிந்த துண்டுகள் அடுத்த நீர்நிலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு மாதம் முன்பே கலனைத் தொடங்குங்கள்

புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். காலையில் அள்ளிய செடி மாலையில் வாயு தராது. எரித்துக்காட்ட வேண்டிய வாயு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

கலன் என்பது சாணத்தையும் செடியையும் காற்றுப் புகாமல் மக்கவைத்து வாயு பிடிக்கும் பாத்திரம். அதற்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று போதும். மூடியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் அடிப்பகுதிவரை இறங்கும் ஊற்றுக்குழாய், இன்னொன்றில் வாயு வெளியேறும் மெல்லிய குழாய். சுற்றிலும் காற்றுப் புகாதபடி பசை வைத்து அடையுங்கள். வாயுக்குழாயின் மறுமுனையை, காற்றை முழுக்க வெளியேற்றிச் சுருட்டிய பழைய வண்டி டியூப்பில் செருகுங்கள். இடையில் ஒரு சின்ன வால்வு கட்டாயம் வேண்டும்.

புதுச்சாணமும் தண்ணீரும் சமமாகக் கரைத்துப் பத்து லிட்டர் ஊற்றுங்கள். வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 37 டிகிரி செல்சியஸ் பிடிக்கும், 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். பத்து நாள் கழித்து, ஆகாயத்தாமரையை ஒரு நாள் வாடவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நசுக்கி, தண்ணீரில் கரைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றி வாருங்கள். நறுக்காமல் போட்டால் மேலே மிதந்து ஏடு கட்டும், குழாயையும் அடைக்கும். புளித்த வாடை தூக்கலாக வந்தால் சில நாள் எதுவும் ஊற்றாதீர்கள், தானாகச் சரியாகும்.

முதலில் சேரும் வாயு எரியாது. அதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். டியூப் முதல்முறை நிறைந்ததும் திறந்தவெளியில், தீப்பொறி எதுவும் அருகில் இல்லாமல் வெளியேற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதில் மீத்தேன் பாதிக்கு மேல் இருக்கும்.

படி 3: அள்ளும் நாள்

குளம் முழுவதையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய ஆசைப்படாதீர்கள். காலி பாட்டில்களைக் கட்டிய கயிற்றை மிதவையாகக் குறுக்கே போட்டு, ஒரு பகுதியை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். காற்று செடிகளை எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அந்தக் கரையில் நின்றால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். நீண்ட கைப்பிடி வாரியால் இழுப்பவர்கள், கூடையில் சுமப்பவர்கள், கரையில் நறுக்குபவர்கள் என மூன்று குழு போதும்.

கையுறையும் காலணியும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். இந்தச் செடியில் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலை அரிக்கச் செய்யும். கண்ணாடித் துண்டு, பாம்பு இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. புண் உள்ளவர்கள் கரையோடு இருக்கட்டும். இடுப்பளவுக்கு மேல் ஆழமென்றால் மிதவைச் சட்டை போட்டவர் மட்டுமே இறங்கலாம்.

படி 4: சூரிய மின்சாரத்துக்கு ஒரு மூலை

ஒலிபெருக்கியையும் கைப்பேசி சார்ஜரையும் ஒரு சிறிய சூரியத் தகட்டிலும் பேட்டரியிலும் ஓடவிடுங்கள். தகட்டில் மின்னோட்டத்தை அளந்து காட்டும் மல்டிமீட்டரை மாட்டி, வருபவர்களையே ஒரு கையால் மூலையை மறைக்கச் சொல்லுங்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், சின்ன நிழலுக்கே மின்னோட்டம் சட்டென்று விழும். நீளமான விளக்கம் தேவையே இல்லை.

படி 5: தராசும் சுடரும்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பத்து கிலோ பச்சைச் செடியை எல்லோர் முன்னாலும் எடை போடுங்கள். அதே அளவு செடியை முன்பே நொறுங்கும்படி காயவைத்து ஒரு பையில் எடுத்து வந்திருப்பீர்கள். அடுத்து அதைத் தராசில் வையுங்கள். முள் ஏறக்குறைய அரைக் கிலோவில் நிற்கும். இந்தச் செடியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்.

அப்புறம் சுடர். வால்வை மூடி, டியூப்பைக் கலனிலிருந்து கழற்றி, பத்து மீட்டராவது தள்ளி எடுத்துச் செல்லுங்கள். டியூப்பிலிருந்து வரும் குழாய் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் நீர்மட்டத்துக்குக் கீழே முடியட்டும், இன்னொரு குழாய் நீருக்கு மேலிருந்து பற்றவைக்கும் முனைக்குப் போகட்டும். நெருப்பு திரும்பி வந்தாலும் தண்ணீர் தடுத்துவிடும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும் என்பதால் கலனருகே எதையும் பற்றவைக்கவே கூடாது. டியூப்பை மெதுவாக அழுத்தினால் பாட்டிலில் குமிழ் வரும், முனையில் நீலச்சுடர் பிடிக்கும். சில நிமிடம்தான் எரியும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

உடனே யாராவது கேட்பார்கள்: "இவ்வளவு நல்ல செடியை ஏன் ஒழிக்கணும்? வளர்த்தா ஊருக்கே வாயு கிடைக்குமே?" தராசு இருந்த இடத்திலேயே பதிலும் இருக்கிறது. 100 கிலோ அள்ளினால் உலர்ந்த பொருள் 5 கிலோ. அதிலிருந்து நல்ல கலனில் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு வரும். அது அரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்கும் குறைவு. அதற்காகக் குளத்தை விட்டுக்கொடுத்தால், அடர்ந்த போர்வைக்குக் கீழே வெளிச்சமும் ஆக்சிஜனும் குறைந்து மீன் சாகும், கொசு பெருகும். அமேசான் படுகையிலிருந்து அழகுச்செடியாகக் கிளம்பிய இது, 1990-களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியின் துறைகளை அடைத்துப் படகுகளையே நிறுத்தியது. அங்கே அதைக் கட்டுப்படுத்த இந்தச் செடியைத் தின்னும் நியோகெட்டினா என்ற கூன்வண்டுகளை விட்டார்கள். அது நிபுணர்களும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, நாமாகச் செய்யக்கூடாது. செடியிலிருந்து வருமானம் வர ஆரம்பித்துவிட்டால் அது தீர்ந்துவிட வேண்டும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அதனால் வந்தவர்களிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்: எடுப்போம், பயன்படுத்துவோம், ஆனால் வளர்க்கமாட்டோம்.

படி 6: கலைவதற்கு முன்

மீதமுள்ள குவியலைத் தண்ணீர் மீண்டும் தொட முடியாத மேட்டில் போட்டு மக்கவிடுங்கள். ஆலைக்கழிவு கலக்கும் குளமென்றால் அந்த உரத்தையும் கலனிலிருந்து வரும் கரைசலையும் உணவுப் பயிருக்குப் போடாதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இந்தச் செடி நன்றாக உறிஞ்சி வைத்திருக்கும். வலை, கூடை, காலணி எல்லாவற்றிலும் செடித்துண்டு ஒட்டியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, கழுவி, காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் இந்த மூன்று செயலையும் வைத்தே பெரிய பிரசாரம் நடக்கிறது.

தோதான சூழலில் இந்தச் செடி இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். ஆகவே, ஆட்கள் கலையுமுன் இருவர் இருவராகப் பெயர் எழுதி வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரையைச் சுற்றிவந்து தப்பிய செடிகளைக் கையால் எடுக்க முறை போடுங்கள். மிதவைக் கயிற்றை எடுத்துவிட வேண்டாம். சுத்தம் செய்த பகுதி இரண்டு மூன்று சுற்றுக்கு அப்படியே தாக்குப்பிடித்தால், கயிற்றை அடுத்த பகுதிக்கு நகர்த்தி அடுத்த நிகழ்ச்சிக்கான தேதியைக் குறிக்கலாம்.