லேசான மிச்சத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு பார்க்க வரும் வெளிநாட்டவரிடம் எல்லாவற்றுக்கும் ‘லிட்டில் பிட்’ என்றே சொல்லி ஓட்டிவிடுகிறோம். எது மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சொல்லை மாற்றிப் பாருங்கள்.

வாசனை என்றால் ‘எ விஃப் ஆஃப்’. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் ஒரு நொடி மூக்கில் படுமே, அதற்கு. போகாமல் அங்கேயே தங்கிவிட்ட வாடை ‘லிங்கரிங் ஸ்மெல்’. சுவைக்கு ‘எ ஹின்ட் ஆஃப்’: குழம்பில் கல்பாசி முன்னால் வந்து நிற்காது, விழுங்கும்போது லேசாகத் தெரியும், அதுதான் ஹின்ட். நிறத்துக்கு ‘எ டின்ஜ் ஆஃப்’.

‘ட்ரேஸ்’ எதற்கும் பொருந்தும். ஆனால் அதற்கு வலு ‘இல்லை’ என்னும்போதுதான். சுவர் ஓவியம் சுத்தமாக அழிந்துவிட்டதா? ‘நாட் எ ட்ரேஸ் ரிமெய்ன்ஸ்.’

‘வெஸ்டிஜ்’ கொஞ்சம் கனமான சொல். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்து, இன்று அடையாளம் மட்டும் எஞ்சியதற்கு மட்டும் வையுங்கள். பர்மா வணிகம் ஓய்ந்தபின் வீட்டில் கிடக்கும் பழைய கணக்குப் பெட்டியைக் காட்டி ‘எ வெஸ்டிஜ் ஆஃப் தி பர்மா ட்ரேட்’ எனலாம். குழம்பில் உப்பு குறைவு என்பதற்கெல்லாம் இது வேண்டாம், சிரிப்பார்கள்.

‘ரெசிட்யூ’ என்பது பாத்திரத்தின் அடியில் ஒட்டிய படிவு. விருந்தாளியிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது தப்பித்தவறியும் எடுக்காதீர்கள். அப்புறம், துணி வெட்டியது போக மிஞ்சிய துண்டு இருக்கிறதே, அது ‘ரெம்னன்ட்’.