மே விடுமுறைக்கு முன் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்? மழலையர் பள்ளி ஆசிரியைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழலையர் ஆசிரியர் பயிற்சி மாணவிகளுக்கு நான் வகுப்பெடுக்கிறேன். என்னிடம் படித்து, ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாகச் சேர்ந்த இருவரைச் சென்ற ஏப்ரல் கடைசியில் பார்க்கப் போயிருந்தேன். அலுவலக அறை மேசையில் அவர்கள் அருகருகே உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் ஒரே கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்." ஒருத்தி எழுதியதைப் பார்த்து மற்றவள் எழுதினாள். எதற்கு என்று கேட்டேன். "மே மாத லீவுக்காக எல்லாரும் எழுதிக் கொடுப்பதுதானே மிஸ், ஜூனில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்" என்றாள்.

இதே கடிதத்தை நான் ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வர வேண்டும், குழந்தையை அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடுமுறை என்று நினைத்து ராஜினாமா எழுதுவது

2008 ஜூனில் ஒரு நர்சரி பள்ளியில் சேர்ந்தேன். முதல் ஏப்ரலிலேயே தாளாளர் அறைக்கு வரிசையாக அழைத்தார்கள். மே மாதம் பள்ளி இல்லை, சம்பளமும் இல்லை, வழக்கமாக எழுதும் கடிதம் இது என்றார்கள். எனக்கு முன்னால் இருந்த யு.கே.ஜி. மிஸ் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். அவரே எழுதியபோது நான் ஏன் கேட்கப்போகிறேன்? ஜூனில் புதிய நியமன ஆணை கொடுத்தார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடி கடிதம். 2017 வரை இப்படியே போயிற்று.

அந்த ஆண்டு குடும்பத்தோடு ஊர் மாற வேண்டியிருந்ததால் வேலையை விட்டேன். பணிக்கொடை (வேலையை விடும்போது பணியாற்றிய ஆண்டுகளுக்காகத் தரும் தொகை, கிராஜுவிட்டி) கேட்டு விண்ணப்பித்தபோது, என் கோப்பைத் திறந்து ஒன்பது கடிதங்களையும் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. "நீங்கள் எங்களிடம் ஒன்பது ஆண்டு வேலை பார்க்கவில்லை. பதினொரு மாதம் வீதம் ஒன்பது முறை வேலை பார்த்தீர்கள்" என்றார்கள். அந்த வாக்கியம் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பணத்தில் சொன்னால்தான் புரியும். பணிக்கொடையைக் கணக்கிடும் முறை எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். என் கடைசிச் சம்பளம் 7,800 ரூபாய். 26ஆல் வகுத்தால் 300, பதினைந்து நாளுக்கு 4,500, ஒன்பது ஆண்டுக்கு 40,500 ரூபாய். ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆண்டுதோறும் போன மே மாதச் சம்பளத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இதன் அடிப்படையைச் சொல்கிறேன். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். விடுப்பில் இருந்தாலும், பணியாளரின் தவறு இல்லாமல் வேலை நின்றிருந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுவதில்லை. பள்ளி மே மாதம் மூடியிருப்பதும் அப்படித்தான். ராஜினாமா மட்டும் வேறு கணக்கு, அதில் விலகுவது நாம். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று பிறகு வாதிடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டிய சுமை நம் தலையில் விழும். சாட்சி சொல்ல வேண்டிய சக ஆசிரியைகளோ அதே பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்காக ஒருவரும் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணிக்கொடையே கிடையாது என்று இன்றும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே அது ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில், அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. நிரந்தரப் பணியில் உள்ளவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டு அப்படியே இருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓராண்டு முடித்தாலே விகிதப்படி கிடைக்கும். ஆகவே நியமன ஆணையில் "11 மாதம்" என்று போட்டிருந்தால் நின்று யோசியுங்கள்.

என்னைவிட அதிகம் இழந்தவள் என் பக்கத்து வகுப்பு ஆசிரியை. ஏப்ரலில் அவளுக்கு ஐந்தாம் மாதம். பிரசவம் ஆகஸ்டில். எப்போதும் போலக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஜூனில் புதிய ஆணை கேட்டுப் போனபோது, "குழந்தை பிறந்த பிறகு வாருங்கள், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் மகப்பேறு விடுப்பு உண்டு. நான்கு மாதம் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தாலே அது நிரம்பிவிடும். சம்பளத்துடன் விடப்படும் விடுமுறை நாளும் அந்த எண்பதில் சேரும். அவள் இருநூறு நாளுக்கு மேல் வந்திருந்தாள். 2017இல்தான் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்திருந்தது, அவள் குழந்தை பிறந்ததும் அதே ஆண்டில்தான். எட்டாயிரம் சம்பளத்துக்கு ஏறக்குறைய 48,000 ரூபாய். விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டப்படி குற்றம். அவளை யாரும் நீக்க வேண்டிய தேவையே வரவில்லை, அவளே எழுதிக் கொடுத்துவிட்டாளே.

சரி, கடிதம் கேட்டால் என்ன செய்வது? முதலில் விடுமுறை விண்ணப்பமாக எழுதிக் கொடுங்கள்: "கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் பணிக்குத் திரும்புவேன்." அந்த இரண்டு பெண்களுக்கும் நான் இதைத்தான் எழுத வைத்தேன். ஒருத்தியின் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். மற்றவளுடையதைத் திருப்பிக் கொடுத்து, பழைய மாதிரியே எழுதச் சொன்னார்கள். வீட்டு வாடகைக்கு அவள் சம்பளம்தான் என்பதால் எழுதிக் கொடுத்தாள். அவள் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அப்படி எழுதியே தீர வேண்டியிருந்தால் சில காரியங்களைச் செய்து வையுங்கள். கொடுப்பதற்கு முன் கடிதத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியைக் கட்டாயம் போடுங்கள்; தேதி இல்லாத ராஜினாமா எந்த நாளிலும் வெளியே வரும். அன்று மாலையே தாளாளருக்கு, "நீங்கள் கேட்டுக்கொண்டபடி மே மாத விடுமுறைக்கான கடிதத்தை இன்று கொடுத்துவிட்டேன், ஜூனில் பணிக்கு வருகிறேன்" என்று மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். சண்டை வேண்டாம், அந்தச் செய்தி அங்கே இருந்தால் போதும். ஒன்பது ஆண்டில் ஒருமுறையாவது நான் இதைச் செய்திருந்தால் என் விண்ணப்பத்துக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும்.

ஆசிரியைகளை மட்டும் எண்ணுவது

இந்தச் சட்டங்கள் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான். "நம் பள்ளியில் ஆறு மிஸ்தானே" என்று பலர் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். ஆயாக்கள், வேன் ஓட்டுநர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர் எல்லாரையும் சேர்த்து எண்ணுங்கள்.

அசல் சான்றிதழைக் கொடுப்பது

நகல் போதும்.

விடுமுறையில் பார்த்த வேலையைப் பதியாமல் விடுவது

மே வெயிலில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் கேட்டிருக்கிறேன். ஆண்டு விழாவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நடனம் பழக்கியிருக்கிறேன். விஜயதசமி ஊருக்கெல்லாம் விடுமுறை, மழலையர் பள்ளிக்கோ அன்றுதான் சேர்க்கை. காலை ஏழு மணிக்கே தட்டில் அரிசி பரப்பி உட்கார வேண்டும். அந்த நாள்களில் வருகைப் பதிவேட்டை யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். நீங்களே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். ஈடுசெய் விடுப்பு கேட்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். மே மாதம் நீங்கள் பணியில்தான் இருந்தீர்கள் என்பதற்கும் அந்தக் கையெழுத்தே சாட்சி.

வாய்மொழியாக விடுப்பு சொல்வது

எழுதிக் கொடுங்கள்.

காய்ச்சலோடு வகுப்புக்குப் போவது

முதல் ஆண்டில் குழந்தைகளின் சளியும் இருமலும் மாதம் ஒருமுறையாவது நம்மைத் தொற்றும். தொண்டை கட்டிய பிறகும் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மூன்று வாரம் குரலே வராமல் கிடந்திருக்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் இருந்தால், அதற்குரிய தகுதிக் காலத்தை முடித்தவர்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். பிடித்தம் மாதாமாதம் போகிறது, அட்டையை வாங்கியதில்லை என்று சொன்ன பெண்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

அங்கன்வாடி அக்காவோடு கணக்கை ஒப்பிடுவது

அவர்களுக்கான விதிகள் வேறு. ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு, 180 நாள் மகப்பேறு விடுப்பு என்பது மத்திய அரசு அவர்களுக்கு வகுத்தது. வாங்குவது சம்பளம் என்றுகூட ஏட்டில் இல்லை, மதிப்பூதியம் என்றுதான் இருக்கிறது. பணிக்கொடைகூட குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் வழக்காடி, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் உறுதியானது. உங்கள் தாளாளரிடம் அவர்கள் விதியைக் காட்டி விடுப்பு கேட்க முடியாது. உங்கள் நியமன ஆணையைத்தான் காட்ட வேண்டும்.

பிரசவம் முடிந்து திரும்பியதும் எதுவும் கேட்காமல் இருப்பது

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 26 வார விடுப்பு முடிந்து திரும்பிய ஒரு யு.கே.ஜி. மிஸ், மார்பு கட்டிக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே மதியத் தூக்க வேளையில் இருபது குழந்தைகளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இப்படி ஓர் இடைவேளை இருப்பதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மறுநாள் எழுதிக் கொடுத்தாள். பதினொரு மணிக்கும் இரண்டரை மணிக்கும் ஆயா அவள் வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.