எரிநட்சத்திரம் எந்த வால்நட்சத்திரத்தின் தூசு? குப்பம், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவோம்

குப்பம், வி.கோட்டா, பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று ஆந்திர எல்லையை ஒட்டி வாழ்கிற நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே நல்ல இருட்டு. இந்த இருட்டைத் தேடித்தான் ஜவ்வாது மலையில் காவலூரில் தொலைநோக்கி நிலையமே அமைத்தார்கள். ஆனால் எரிநட்சத்திரம் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். அது வானத்தில் ஒரு துளியைத்தான் காட்டும். நமக்கு முழு வானமும் வேண்டும், அதற்கு வெறும் கண்தான் சரி.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதிலுள்ள பனி ஆவியாகும். அதோடு தூசும் மணலும் கழன்று, வந்த பாதை நெடுகப் பரவிக் கிடக்கும். பூமி ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதியில் அந்தப் பாதையைக் கடக்கும். அப்போது அந்தத் துகள்கள் சுமார் 100 கி.மீ. உயரத்தில் காற்றில் பாய்ந்து எரிந்துபோகின்றன. விண்கல் மழை என்பது இதுதான்.

ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் வரும் பெர்சீட்ஸ், ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரத்தின் தூசு. அது சூரியனைச் சுற்ற 133 ஆண்டுகள் ஆகும், கடைசியாக 1992இல் வந்துபோனது. நமக்கு ஆகஸ்ட் என்றால் மேகம். நவம்பர் 17 வாக்கில் வரும் லியோனிட்ஸ், டெம்பல்-டட்டில் தந்தது. வினாடிக்கு 71 கி.மீ. வேகம் என்பதால் புதியவர்கள் கண்ணை நிறுத்துவதற்குள் ஓடிவிடும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் 13 இரவு, ஜெமினிட்ஸ். வேகம் வினாடிக்கு 35 கி.மீ.தான், நிதானமாகப் பார்க்கலாம். இதன் மூலம் மட்டும் விசித்திரமானது: 1983இல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோள். வால்நட்சத்திரம்போல் பனியாக இல்லாமல் பாறையாக இருக்கிறது. 1.4 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனுக்கு 2.1 கோடி கி.மீ. அருகில் போய்வருகிறது. ஒரு பாறை எப்படி இவ்வளவு தூசு தந்தது என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

தினசரி காலண்டரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். அதை ஒட்டி வந்தால் அந்த ஆண்டை விடாதீர்கள்.

படி 2: இடம்

யானை நடமாட்டம் உள்ள காட்டோரம் கண்டிப்பாக வேண்டாம். தெருவிளக்கு கண்ணில் படாத மொட்டை மாடி போதும். தண்ணீர்த் தொட்டி விளக்கை மறைக்கிற பக்கமாகப் படுங்கள். அடியில் தார்ப்பாய், மேலே கம்பளி, தலைக்குக் குல்லா. நள்ளிரவுக்குமேல் இறங்கும் பனியில் வெறும் போர்வை நனைந்துவிடும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் முதலிலிருந்து பழக வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள்

வித்தையே இங்கேதான் இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கிழக்கே பார்த்தால் ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரியும். அதற்கு இடப்புறம், கீழே, அருகருகே இரண்டு வெளிச்சமான நட்சத்திரங்கள்: காஸ்டர், போலக்ஸ். நம் கணக்கில் புனர்பூசம்.

ஒரு முழ நீள நூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எரிநட்சத்திரம் ஓடியதும் இரு கையாலும் நூலை இழுத்துப் பிடித்து, அது ஓடிய தடத்தின்மேல் பொருத்துங்கள். தெற்கே அகத்திய நட்சத்திரத்துக்கு மேலே ஒன்று ஓடியது என்று வையுங்கள். நூலின் பின்முனை காஸ்டர் பக்கம் போய்ச் சேர்ந்தால் அது ஃபேத்தானின் தூசு. எங்கோ மேற்கே போனால் தொடர்பில்லாத உதிரி. துகள்கள் எல்லாம் இணையாகத்தான் வருகின்றன. தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல ஒரே புள்ளியிலிருந்து விரிவதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மணிக்கு 120 எரிநட்சத்திரங்கள் என்று செய்தியில் வரும். அந்தப் புள்ளி உச்சிவானில் இருந்து, வானமும் துளி மாசில்லாமல் இருந்தால் வருகிற கணக்கு அது. நமக்கு அதில் பாதி கிடைத்தாலே நல்ல இரவு. புள்ளி மேலேறுவது நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, எனவே பத்து மணிக்கே எழுந்து போய்விடாதீர்கள்.

படி 4: தீப்பந்து விழுந்தால்

வெள்ளி கிரகத்தைவிடப் பிரகாசமாக ஒன்று ஓடினால் அது தீப்பந்து. ‘எரிநட்சத்திரம் விழுந்தால் பச்சை மரத்தைப் பார்’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். மரத்தைப் பாருங்கள், நல்லதுதான்! எந்த மரத்துக்கு மேலே தொடங்கியது, எந்தக் குன்றுக்குப் பின்னால் மறைந்தது என்பதுதான் முதல் குறிப்பு. நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். காலையில் அதே இடத்தில் நின்று செல்போன் திசைகாட்டியால் திசையை அளக்கலாம். உயரத்துக்கு, நீட்டிய கையின் மூடிய முட்டி 10 பாகை.

- நேரம், எத்தனை வினாடி நீடித்தது, நிறம், உடைந்ததா.
- ஓசைக்காக ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி ஆகும். ஜன்னல் கண்ணாடி அருகே மட்டும் நிற்காதீர்கள். 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு வந்தவர்களைத்தான், பின்னால் வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் காயப்படுத்தியது.
- நிமிடக்கணக்கில் கிழக்கே மேலேறினால் அது ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட். மெதுவாக, பல துண்டுகளாக வரிசைகட்டிப் போனால் விண்வெளிக் குப்பை. 2022 ஏப்ரல் 2இல் மகாராஷ்டிரத்தில் தெரிந்தது சீன ராக்கெட்டின் பாகம்.

இவ்வளவு ஏன் எழுத வேண்டும்? 2016 பிப்ரவரியில் நம் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டது, ஒருவர் உயிரிழந்தார். விண்கல் என்று மாநில அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பாகத்தான் தெரிகிறது என்றார்கள். இப்படிக் கேள்வி எழும்போது, வானத்தில் யார் எதை எந்தத் திசையில் பார்த்தார்கள் என்ற குறிப்பு மிகப் பெரிய சாட்சி. குப்பத்தில் ஒருவரும் வேலூரில் ஒருவரும் ஒரே தீப்பந்தைக் குறித்திருந்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்திலிருந்து உயரத்தையும் பாதையையும் கணக்கிட்டுவிடலாம். சர்வதேச விண்கல் அமைப்பின் இணையதளத்தில் இதற்கென்றே படிவம் இருக்கிறது. மறப்பதற்குள் அன்றைக்கே நிரப்பி அனுப்புங்கள்.

டிசம்பரில் மேகம் கெடுத்தால் மே 5, 6 இருக்கிறது. ஈட்டா அக்வாரிட்ஸ், ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசு. 2061இல்தான் ஹாலி திரும்பி வரும், தூசு ஆண்டுதோறும் வருகிறது. ஐரோப்பாவைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அக்னி நட்சத்திர வெயிலுக்கு மாடியில் படுப்பவர்கள் அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்து, கிழக்கே பார்த்துப் படுத்தால் போதும்.