ரெவிட்டில் அறையின் உட்புற ரெண்டர்: ‘பெஸ்ட்’ அழுத்தும் முன் சரிபார்க்க வேண்டியவை

கட்டட மாடல் செய்யும் சாஃப்ட்வேரான ரெவிட்டில் ஹாலின் ரெண்டர் (நிஜப் படம் போல எடுக்கும் கணினிப் படம்) பொம்மை வீடு மாதிரி வருகிறதென்றால், குவாலிட்டியை ‘பெஸ்ட்’ ஆக்கி ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பயனில்லை. தப்பாக விழுந்த வெளிச்சம் தப்பாகவேதான் இருக்கும், படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகள் மட்டும் குறையும். ரெவிட் 2017 முதல் மென்டல் ரே என்ற பழைய ரெண்டர் எஞ்சின் கிடையாது, ஆட்டோடெஸ்க் ரேடிரேஸர் மட்டும்தான். அதற்கு முந்தைய பாடங்களில் சொல்லும் அமைப்புகளைத் தேடி அலைய வேண்டாம். இது ப்ராசஸரில் ஓடுகிற எஞ்சின். கிராபிக்ஸ் கார்டை மாற்றி இதன் வேகத்தைக் கூட்ட முடியாது.

முதலில் சூரியன். ‘மேனேஜ்’ டேபில் ‘லொகேஷன்’ திறந்து பாருங்கள். பலருடைய ஃபைலில் இன்னும் பாஸ்டன் நகரமே இருக்கும். கட்டடம் சென்னையில் என்றால் இது சின்னத் தப்பு இல்லை. டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். பாஸ்டனில் 24 டிகிரிதான். சன்ஷேட் இல்லாத தெற்கு ஜன்னலின் மேல்மட்டம் 2.1 மீட்டர் என்றால், சென்னையில் வெயில் அறைக்குள் ஏறக்குறைய 1.55 மீட்டர் வரும். பாஸ்டன் கணக்கில் 4.6 மீட்டருக்கு மேல், எதிர்ச்சுவர் வரைக்கும் போய்விடும். ஜூனில் சென்னையின் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கும் என்பதால் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது. ஊரை மாற்றியதும் ப்ளானின் ஓரியன்டேஷனை ‘ட்ரூ நார்த்’ ஆக்கி, ‘ரொட்டேட் ட்ரூ நார்த்’ மூலம் மனையின் உண்மையான வடக்கைக் கொடுங்கள். பிறகு சன் செட்டிங்ஸில் ‘ஸ்டில்’ தேர்ந்தெடுத்துத் தேதியும் நேரமும் போடுங்கள். ‘லைட்டிங்’ என்று விட்டால் ஊர், தேதி எதையும் பார்க்காமல் ஒரு மூலையிலிருந்து வெளிச்சம் வரும்.

கேமராவில் ‘ஐ எலிவேஷன்’ (கண்ணின் உயரம்), ‘டார்கெட் எலிவேஷன்’ (பார்க்கும் புள்ளியின் உயரம்) இரண்டுக்கும் ஒரே எண், 1500 மி.மீ. போல, கொடுத்தால் சுவர்கள் சாயாமல் நேராக நிற்கும். வேகத்துக்காக செக்ஷன் பாக்ஸ் (மாடலின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிக் காட்டும் பெட்டி) போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அது கூரை ஸ்லாபை வெட்டிவிட்டால் மேலிருந்து வெயில் கொட்டும். மறைத்துவைத்த சுவருக்கு நிழலும் கிடையாது. பாக்ஸின் விளிம்பைச் சுவருக்கும் ஸ்லாபுக்கும் வெளியே வையுங்கள்.

அடுத்து மெட்டீரியல், படம் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். வெள்ளைச் சுவருக்கு 255, 255, 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சம்) கொடுக்காதீர்கள். அவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் பெயின்ட் கடையில் இல்லை; சுவரின் மூலைகள் தட்டையாகிவிடும். 220 பக்கம் போதும். டைல்ஸுக்குப் படத்தின் ‘சாம்பிள் சைஸ்’ (அந்தப் படம் நிஜத்தில் எவ்வளவு இடத்தைக் காட்டுகிறது என்ற அளவு) பாருங்கள். ஒரு படத்தில் 600 × 600 மி.மீ. டைல் நான்கு இருந்தால் அளவு 1200 × 1200 மி.மீ. மேடுபள்ளத்தைக் காட்டும் ‘பம்ப்’ படத்துக்கு வேறு அளவு இருந்தால் ஜாயின்ட் கோடு டைலின் நடுவில் ஓடும். இரண்டுக்கும் ‘லிங்க் டெக்ஸ்சர் ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்’ டிக் செய்யுங்கள். தரையை மாற்றினால் கதவும் மாறுகிறதா? இரண்டு மெட்டீரியலும் ஒரே அப்பியரன்ஸ் அசெட்டை (நிறமும் படமும் அடங்கிய தோற்ற அமைப்பை) பகிர்கின்றன. மெட்டீரியலின் அப்பியரன்ஸ் டேபில் கை படத்துக்குப் பக்கத்திலுள்ள எண் அதைத்தான் காட்டுகிறது. டூப்ளிகேட் செய்துவிட்டுத் திருத்துங்கள்.

விளக்கின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் ‘இனிஷியல் இன்டென்சிட்டி’யை வாட்டில் கொடுப்பதைவிட லூமனில் கொடுங்கள். 9 வாட் எல்ஈடி பல்புக்குச் சுமார் 900 லூமன், வார்ம் வெளிச்சத்துக்கு 3000 கெல்வின். டவுன்லைட் போட்டும் இருட்டாக இருந்தால், பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கில் துளை வெட்டப்படாமல் ஒளிமூலம் உள்ளே மாட்டியிருக்கும். பகல் படத்துக்கு ரெண்டர் டயலாக்கின் லைட்டிங் ஸ்கீமில் ‘இன்டீரியர்: சன் ஒன்லி’ போதும். அறையில் தெரியாத விளக்குகளை குரூப்பாக்கி அணைத்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

இப்போது கீபோர்டில் ஆர்ஆர் தட்டி ரெண்டர் டயலாக்கைத் திறந்து ‘டிராஃப்ட்’டில் ஒன்று போடுங்கள். படம் கறுப்பாக வந்தால் பதற வேண்டாம். எக்ஸ்போஷர் (படத்தின் பிரகாசத்தை முடிவுசெய்யும் எண்) இன்னும் வெளி வெயிலுக்கான 14 அருகில் இருக்கலாம். ‘அட்ஜஸ்ட் எக்ஸ்போஷர்’ போய் எண்ணைக் குறையுங்கள், குறைந்தால்தான் வெளிச்சம் கூடும். பகல் அறைக்கு 10-லிருந்தும் விளக்கு வெளிச்சத்துக்கு 7-லிருந்தும் தொடங்கலாம். இதற்கு மறுபடி ரெண்டர் செய்யத் தேவையில்லை. சந்தேகமான மூலையை மட்டும் பார்க்க ‘ரீஜன்’ டிக் செய்து சின்னப் பெட்டிக்குள் ஓட்டுங்கள்.

கடைசி ஓட்டத்துக்கு ‘கஸ்டம்’ எடுத்து, வெளிச்சம்–மெட்டீரியல் துல்லியத்தை ‘அட்வான்ஸ்டு’ ஆக்கி, லெவலுக்குப் பதில் நிமிடக் கணக்கில் விடுங்கள். புள்ளியைப் பாதியாக்க நாலு மடங்கு நேரம் பிடிக்கும். 30 நிமிடத்தில் பரவாயில்லை என்றிருக்கும் படத்துக்கு 2 மணி நேரம் கொடுக்க வேண்டும். அளவிலும் அதே கணக்கு: ஏ3 தாள் 150 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) 2480 × 1754 பிக்சல், 300 டிபிஐ-யில் பிக்சல் நாலு மடங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் பிரின்ட் இல்லையென்றால் 150 போதும். முடிந்ததும் ஜேபெக்கில் அல்லாமல் பிஎன்ஜி அல்லது டிஃப்பில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்ஸ்போஷர் பிடிக்கும்வரை டயலாக்கை மூடவும் வேண்டாம். மூடிவிட்டால் அதைத் திருத்த மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான்.