ஒரே பஸ்ஸை நாலு பேர் எண்ணிய கதை: வட்டாரப் பேரிடர்த் திட்டத்தில் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் ஒரு வட்டாரப் பேரிடர்த் திட்டத்தின் வரைவு என் மேசைக்கு வந்தது. தயாரித்தவர் வேலைக்குப் புதியவர், நல்ல உழைப்பாளி. வாகனப் பட்டியலைப் புரட்டியதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. 15 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு.

பழைய தொலைபேசி எண்கள், டீசல் இல்லாத ஜெனரேட்டர் போன்றவற்றை யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே வண்டியை நாலு கணக்கில் எழுதுவது

ஆற்றோரத்து ஊர்கள் ஐந்துக்கும் சேர்த்து வெள்ளத் திட்டம் தொகுக்கும் வேலை அப்போது என்னிடம் இருந்தது. ஒவ்வொரு அமைப்பும் தன் பட்டியலை அனுப்பியது. மருத்துவமனைக்கு 12 பஸ், முதியோர் இல்லங்களுக்கு 8, பள்ளிகளுக்கு 15, நகராட்சிக்கு 10. கூட்டினேன், 45 வந்தது. தேவை 40தான். ‘5 வண்டி உபரி’ என்று அடிக்குறிப்பு வேறு எழுதி வைத்தேன்.

அப்புறம் மேசை ஒத்திகை வந்தது, அதாவது வெள்ளம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டத்தைப் பேசிப் பார்ப்பது. பஸ் உரிமையாளரையும் மரியாதைக்கு அழைத்து ஓரமாக உட்கார வைத்திருந்தோம். ‘எங்கள் பஸ்கள் கிளம்பிவிட்டன’ என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நாலாவது ஆள் சொன்னதும் பஸ் உரிமையாளர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“சார், என்கிட்ட இருக்கிறதே 18 வண்டிதான். அதுல 3 ஷெட்ல நிக்குது.”

நாலு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்டோம்.

“தனித்தனியாத்தானே வந்து கேட்டீங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல வேணும்னு யாருமே சொல்லலையே?”

அவர் மேல் தப்பில்லை. மிச்சம் 15 வண்டிக்கு டிரைவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால், 9 பேர் வீடு அதே தாழ்வான பகுதியில். முதலில் தண்ணீர் ஏறப்போகும் தெருக்களில். தன் வீட்டில் தண்ணீர் புகும்போது அந்த மனிதர் வண்டி எடுக்க வருவார் என்று எந்த நம்பிக்கையில் எழுதினேனோ தெரியவில்லை.

இந்தத் தவறு மேல் இன்னும் கோபம் வரக் காரணம், தணிக்கையில் இது மாட்டவே மாட்டாது. ஒவ்வொரு திட்டமும் தனியாகப் பார்த்தால் சரி. ஒப்பந்தக் கடிதமும் கையெழுத்தும் பத்திரமாக இருக்கும். நாலையும் ஒரே மேசையில் பரப்பினால்தான் ஓட்டை தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த நானே உரிமையாளர் பெயரைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினேன். 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் தண்ணீரில் மூழ்கி நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்டி இருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் டிரைவரோடு அது வாசலுக்கு வருவது வேறு.

இப்போது பட்டியலைத் துறைவாரியாக நான் வாங்குவதே இல்லை, உரிமையாளர்வாரியாகத்தான். வண்டிப் பதிவெண், டிரைவர் வீடு எந்தப் பகுதி, அழைத்த எத்தனை மணி நேரத்தில் வரும், இந்த மூன்றும் கட்டாயம். இரண்டு பேர் ஒரே வண்டியைக் கேட்டால் யாருக்கு முதலில் என்பதையும் அன்றே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். அந்தக் கூட்டத்தில் சண்டை வரும். வரட்டும், வெயில் காலத்திலேயே வந்து முடியட்டும். படகு, ஜெனரேட்டர், தண்ணீர் லாரி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஒரே சொல், இரண்டு பொருள்

1970இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாட்கள் எரிந்தது, 16 பேர் இறந்தார்கள். அணைக்க வந்த அமைப்புகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை, தனிச் சொற்கள். ‘டேங்கர்’ என்றால் ஒருவருக்குத் தண்ணீர் லாரி, இன்னொருவருக்கு விமானம். யார் யாருக்குக் கட்டளையிடுவது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் பொதுவாக வகுத்த ‘சம்பவக் கட்டளை முறை’ (Incident Command System) அந்த அனுபவத்தில் பிறந்தது. உங்கள் கட்டுப்பாட்டு அறையில் ‘முகாம்’ என்று சொன்னால் தீயணைப்புக்காரர் எதை நினைக்கிறார், சுகாதாரத் துறைக்காரர் எதை நினைக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அணையிலிருந்து வரும் எண்ணை அப்படியே அனுப்புவது

மேலே இருப்பவர் ‘இத்தனை ஆயிரம் கன அடி திறக்கிறோம்’ என்பார். கீழே இருப்பவருக்கு வேண்டியது எந்தத் தெரு, முழங்காலா இடுப்பா, எத்தனை மணிக்கு. நடுவில் உட்கார்ந்து அதை மாற்றிச் சொல்லும் ஆள் யார் என்று பெயரோடு எழுதாத திட்டத்தில் அந்த ஆள் இல்லை என்றே அர்த்தம்.

திட்டத்தை வெளியாளிடம் எழுதக் கொடுப்பது

வேண்டாம்.

ஒத்திகையை அலுவலக நேரத்தில் மட்டும் நடத்துவது

இரவு 2 மணிக்கு ஒன்று வையுங்கள். யார் போனை எடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஒத்திகையில் கண்டதைக் கிடப்பில் போடுவது

2004 ஜூலையில் லூசியானாவில் ‘பாம்’ (Pam) என்ற கற்பனைப் புயலை வைத்துப் பெரிய ஒத்திகை நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கும், ஏராளமானோர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள் என்றெல்லாம் அப்போதே பேசினார்கள். 13 மாதம் கழித்துக் கத்ரீனா வந்தபோது பல ஓட்டைகள் அடைபடாமலே இருந்தன. எங்கள் ஒத்திகை முடிந்த பிறகும் என் ‘5 வண்டி உபரி’ அடிக்குறிப்பு அடுத்த பதிப்பில் அப்படியே அச்சாகி வந்தது. பிழை திருத்தும் பொறுப்பு யாருடையது என்று நிகழ்ச்சிக் குறிப்பில் நான் எழுதவில்லை.